முதுகுக்கு முன்னால் களைக்கும் விரல்கள்

வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ நெளிகிறது அல்லவா? விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக ஓடி விரல் எலும்புகளில் ஒட்டியிருக்கின்றன. பொம்மலாட்டத்தில் நூலை இழுத்தால் பொம்மையின் கை உயர்வதுபோல, முன்கை இழுக்க விரல் மடங்குகிறது.

தரையில் கிடக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் பயிற்சிக்கு டெட்லிஃப்ட் என்று பெயர். முதுகு, இடுப்பு, தொடை என உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் இதில் பாடுபடும். ஆனால் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பவை விரல்கள் மட்டுமே. உருண்டையான கம்பியோ விரல்களைப் பிரித்துக்கொண்டு உருளப் பார்க்கும். முன்கைத் தசைகள் சிறியவை, சீக்கிரம் களைத்துவிடும். முதுகில் தெம்பு மிச்சமிருக்கும்போதே பிடி நழுவிவிடுகிறது. பாவம், முதுகுக்குப் போதுமான பயிற்சியே கிடைப்பதில்லை!

இதற்காக வந்ததுதான் ஸ்ட்ராப். பருத்தியிலோ நைலானிலோ நெய்த பட்டை அது. ஒரு முனை மணிக்கட்டில் வளையமாக மாட்டியிருக்கும். மறுமுனையைக் கம்பியில் சுற்றி, அதன்மேல் விரல்களை மடக்கிப் பிடிப்பார்கள். எடையில் பெரும்பங்கை மணிக்கட்டு ஏற்றுக்கொள்ளும்.

வெறும் சுற்றுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம்? பட்டை கம்பியை அழுத்தும் இடமெல்லாம் உராய்வு பிறக்கிறது. இதைக் கணக்காக்கியவர் 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர். உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று நம் பிடியை ஏறக்குறைய 6.6 மடங்காக்கும். இரண்டு சுற்றுக்கு 13 மடங்கு என்று நினைப்பீர்கள். இல்லை, 43 மடங்கு! சுற்றுக்குச் சுற்று பலம் பெருகிக்கொண்டே போகும். அதைவிட அழகு, கம்பி பருமனா மெல்லியதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு நூலில் சின்னப் பூட்டைக் கட்டி, பென்சிலின் மேல் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றிப் பிடித்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

2016இல் இங்கிலாந்தின் எடி ஹால் 500 கிலோவை டெட்லிஃப்டாகத் தூக்கியபோது ஸ்ட்ராப் அணிந்திருந்தார். அவர் பங்கேற்ற போட்டியின் விதி அதை அனுமதித்தது. ஒலிம்பிக் பளுதூக்குதலில் அனுமதி இல்லை. டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, 115 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தியது ஸ்ட்ராப் இல்லாமல்தான். பளுதூக்குபவர்கள் கட்டைவிரலைக் கம்பியோடு ஒட்டி வைத்து, மற்ற விரல்களால் அதை மூடி இறுக்குவார்கள். வலிக்கும், ஆனால் கம்பி உருளாது. வியர்வையை உறிஞ்சக் கையில் மெக்னீசியம் கார்பனேட் பொடியும் பூசிக்கொள்வார்கள்.

பயிற்சியிலும் எடையைத் தோளுக்கு ஏற்றும்போது ஸ்ட்ராப்பைத் தவிர்ப்பதே நல்லது. தடுமாறினால் கம்பியை நொடியில் கீழே விட வேண்டும். மணிக்கட்டோடு கட்டுண்ட கையால் அது முடியாது.