பேஸ்மென்டில் இருக்கும் மூச்சுப் பெட்டி

கனடாவில் அண்மையில் கட்டிய வீடுகளின் பேஸ்மென்டில், ஃபர்னஸுக்குப் பக்கத்தில், பருத்த குழாய்கள் செருகிய ஒரு பெட்டி இருக்கும். எச்.ஆர்.வி. என்பார்கள், வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி. ‘சும்மா கரண்ட் தின்னுது’ என்று அதை நிறுத்திவைப்பவர்கள் உண்டு. மிச்சம் பிடிக்க அது இடமே அல்ல.

1970களில் எண்ணெய் விலை ஏறியதும் இடுக்கெல்லாம் அடைத்து வீடு கட்டத் தொடங்கினார்கள். 1977இல் ரெஜைனா நகரில் எழுந்த ‘சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ்’ அவற்றில் பேர்போனது. குளிர் நுழையாத வீட்டிலிருந்து ஈரமும் வெளியேறாது. சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து ஜன்னலில் நீராக வழியும், பிறகு பூஞ்சணம். ஜன்னலைத் திறந்தாலோ காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று போய்விடும். அதனால்தான் அந்த ரெஜைனா வீட்டிலேயே இத்தகைய வெப்பமாற்றி வைக்கப்பட்டது.

கருவிக்குள்ளே இரு காற்றோட்டங்கள், நடுவே மெல்லிய தகடுகளை அடுக்கிய ஒரு கட்டை. வெளியேறும் அழுக்குக் காற்றும் நுழையும் புதுக் காற்றும் தகட்டின் இரு பக்கமாகப் போகும். கலக்காது, சூடு மட்டும் கைமாறும். வெளியே மைனஸ் 20, வீட்டில் 21 டிகிரி, முக்கால் பங்கு வெப்பம் மீள்கிறது என்றால், புதுக் காற்று சுமார் 11 டிகிரியில் வந்து சேரும்.

சுவரில் உள்ள கட்டுப்பாட்டில் ஈரப்பத அளவைக் கவனியுங்கள். கடுங்குளிரில் 30 சதவீதம் அளவில் இருந்தால் போதும். ஜன்னல் வியர்த்தால் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மூக்கு உலர்ந்து உதடு வெடித்தால் குறையுங்கள். குளித்ததும் குளியலறையில் இதற்கென உள்ள பொத்தானை அழுத்துங்கள். உறைகுளிரில் கருவி இடையிடையே வெளிக்காற்றை நிறுத்திக்கொள்ளும். பழுதல்ல, உள்ளே படிந்த பனியை உருக்குகிறது.

மீன் பொரிக்கும் புகைக்கு அடுப்பின் மேலுள்ள தனி விசிறிதான். அந்த விசிறியின் குழாயை எச்.ஆர்.வி.யில் இணைக்கவே கூடாது; எண்ணெய்ப் பிசுக்கு கட்டையை அடைத்துவிடும். வெளிச்சுவரில் காற்று எடுக்கும் வாயைப் பனியும் இலையும் மூடாமல் பாருங்கள். அதன் பக்கத்தில் காரை ஓடவிட்டு நிறுத்தாதீர்கள்.

டொரன்டோவின் புழுக்கமான கோடையில் மட்டும் கதை வேறு. வெளியீரத்தை வீட்டுக்குள் இழுத்துவரும் என்பதால் அப்போது குறைத்துவைப்பதே நல்லது.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றித் தூசு நீக்குங்கள். இதுவரை கழற்றியதே இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமையே இறங்கிப் பாருங்கள்.