வர்ணம் பூசுமுன் ஒரு நாள் பொறுமை

பசை என்பது எல்லார் வீட்டிலும் உள்ள பொருள்; அதை அளவறிந்து பூசுவதோ எல்லார் கைக்கும் வாய்க்காத கலை. களனியாற்றின் வடகரையிலே, கொழும்பு மாநகரின் வாயிற்படிபோல் அமைந்த பேலியகொடையில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெசாக் காலத்திலே மூங்கிற் சலாகைகளைக் கட்டி, மெல்லிய வர்ணக் கடதாசி ஒட்டி, கூடு சமைக்கும் கைகளை ஆண்டுதோறும் அவர்கள் காண்கின்றனர். பசை மிகுந்தால் கடதாசி சுருங்கும். உள்ளே விளக்கேற்றியதும் கறை வெளிப்படும்.

இதே பாடத்தை இக்காலச் சிறுவர் வேறொரு பொருளிலே கற்கின்றனர். அதுவே பிளாஸ்டிக் மாதிரி விமானம். லண்டனில் 1939ஆம் ஆண்டு தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களிலே இத்தகைய மாதிரிப் பொதிகளைச் சாமானியர் வீடுகளுக்கும் எட்டச் செய்தது. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம், முதலில் மரத்தொழில் நடத்திப் பின்னர் 1960இல் பிளாஸ்டிக் மாதிரிகளிற் புகுந்தது.

நம் நாட்டுப் பிள்ளைக்கு இம்மாதிரிகள் வெறும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கட்டலீனா விமானமொன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. அதனைச் செலுத்திய கனடா நாட்டு வீரர் லெனார்ட் பேர்ச்சோலின் குழுவினர், தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலியில் எச்சரிக்கை அனுப்பினர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, பேலியகொடைக்கு அணித்தேயுள்ள கொழும்புத் துறைமுகம் தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அந்தக் கட்டலீனா, அந்த ஹரிக்கேன், அவற்றை எதிர்த்த ஸீரோ ஆகிய மூன்றும் இன்று மாதிரிப் பொதிகளாக உள்ளன. தன் ஊரின் வரலாற்றைத் தன் விரல்களாலேயே பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு வேறெங்கே கிட்டும்?

ஆயின் அவசரம் அவ்வரலாற்றைக் கெடுத்துவிடும். வழக்கமான மாதிரி உண்மை விமானத்தின் 72இல் ஒரு பங்கு அளவினது. அதன் இறக்கையிலே அரை மில்லிமீற்றர் உயரத்துக்குப் பசை தடித்து நின்றால், உண்மை விமானத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை அங்குல மேடாகும். அத்தகைய மேட்டோடு எந்த ஹரிக்கேன் பறந்தது? வர்ணம் அதனை மறைக்கும் என எண்ணுவோர் பலர். வர்ணம் மறைப்பதில்லை, ஒளிபட்டவுடன் குறையை எடுத்துக் காட்டும்.

முதலில் பசையின் இயல்பை அறிதல் வேண்டும். மாதிரிகளுக்கென விற்கப்படும் பசை, மாப்பசைபோல் இடையில் நின்று ஒட்டுவதன்று. அது பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்குகின்றது. ஆதலின் வெளியே கசிந்த பசையை ஈரமாயிருக்கும்போது விரலாலோ துணியாலோ துடைத்தல் பெரும் பிழை. துடைத்த இடமெல்லாம் கரைந்து, கைரேகை இறக்கையிற் பதிந்துவிடும். கசிந்ததை அப்படியே விட்டு ஒரு முழுநாள் காயவிடுக. சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப்போடுபவர் சொலூஷனைப் பூசிவிட்டுக் காத்திருப்பதைக் கண்டதில்லையா? அப்பொறுமையே இங்கும் வேண்டும்.

காய்ந்த பின், கூரிய சிறு கத்தியின் அலகை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல் மெல்லச் சுரண்டுக. அடுத்து, வாகனங்களுக்கு வர்ணம் பூசுவோர் நீர் தொட்டுத் தேய்க்கும் கறுத்த உப்புத்தாளை எடுத்து, 400ஆம் இலக்கத்தில் தொடங்கி, 600, 1000 எனப் படிப்படியாக மென்மையானதற்குச் செல்க. நீர் தொட்டுத் தேய்த்தால் தூசு மூச்சிற் புகாது, கீறலும் குறையும். தேய்ப்பிலே மறைந்த கோடுகளை ஊசிமுனையால் மீண்டும் கீறிக்கொள்ளலாம்.

சுப்பர் குளூ எனப்படும் பசைக்கு முறை வேறு. துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடிய அமெரிக்க ஆய்வாளர் அதே 1942இல் இதனைக் கண்டு, தொட்டதையெல்லாம் ஒட்டுகிறதென ஒதுக்கினர். 1958இலேதான் அது கடைக்கு வந்தது. அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஆகவே நம் கொழும்பு வெக்கையில் விரைந்து பிடிக்கும். நாட்பட விட்டால் பிளாஸ்டிக்கினும் கடினமாகிவிடும். அப்போது தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேயுமேயன்றிப் பசை தேயாது. எனவே இறுகிய அன்றே தேய்த்துச் சமப்படுத்துக. அதன் ஆவி கண்ணாடி மூடியை வெண்மையாக்கும்; அவ்விடத்துக்கு வெள்ளைப் பசையே நன்று. வெள்ளைப் பசை கசிந்தால், காயுமுன் ஈரப் பஞ்சினால் ஒற்றி எடுத்துவிடலாம்.

நகப்பூச்சு அகற்றும் அசெற்றோனைக் கொண்டு பசையைக் களையலாம் என யாரேனும் சொன்னால் கேளற்க. பசையோடு விமானமும் கரையும்.

இறுதியாக, மாதிரியைச் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரிலே மென்தூரிகையாற் கழுவி நிழலில் உலர்த்துக. கையெண்ணெயும் தேய்த்த தூளும் நீங்கினாலன்றி வர்ணம் பற்றாது. பின் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்றை மெல்லிதாகப் பூசிப் பார்த்தால், எஞ்சிய குறைகள் தாமே வெளிப்படும். குழிகளுக்குப் பட்டியிட்டு மீண்டும் தேய்க்கலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இப்பசைகளின் ஆவி தலைச்சுற்றலைத் தரும், எளிதில் தீப்பற்றும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். விளக்கும் நுளம்புச் சுருளும் அருகில் வேண்டா. கத்தி பிடிக்கும் சிறுவனை அருகிருந்து காணுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காது, இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள்.

காத்திருக்கும் அந்த ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை. முதியோர் அருகில் அமர்ந்து, 1942ஆம் ஆண்டின் அந்த ஞாயிறு பற்றித் தம் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றைப் பிள்ளைக்கு எடுத்துரைக்கலாம். பசை காய்வதற்குள் கதையும் முடியும். மறுநாட் காலை அவன் கையில் எடுப்பது, தன் ஊர் வானத்தில் பறந்த விமானமாக இருக்கும்.