நடுவர்கள் மலையேறட்டும்!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடைய 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அந்த மலையில், திண்ணனூர் நாட்டில், ஓர் இளைஞன் நீர்வண்ண ஓவியம் ஒன்றைத் தீட்டினான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓவியம் சென்னைக் கண்காட்சிக் கூடத்தின் சுவரைச் சென்று சேர எத்தனை வளைவுகளைக் கடக்க வேண்டும்? எழுபதா? எழுநூறா? எண்ணிப் பார்க்கிறோம், ஏக்கமே மிஞ்சுகிறது.

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கு 'நாடு' என்றே பெயர். வாழவந்தி நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்ற வரிசையிலே திண்ணனூர் நாடும் ஒன்று. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் சரிவுகள்; மிளகுக்கொடி தழுவிய மரங்கள்; அவற்றின் நிழலிலே காப்பிச் செடிகள்; காலையிலே இறங்கி, கதிரவனைக் கண்டதும் கலைந்தோடும் பனிமூட்டம். நீர்வண்ணத்துக்கென்றே இயற்கை விரித்து வைத்த காட்சி இது!

நீரும் தாளும்

நீர்வண்ணம் எளியவனின் கலை. துணித்திரை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். தாளும் தூரிகையும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். ஆனால் எளிதான கலையா? இல்லை! எண்ணெய் வண்ணத்திலே பிழை நேர்ந்தால் மேலே பூசி மறைக்கலாம். நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் வண்ணம். தாளின் வெண்மையே அதன் வெளிச்சம். எங்கே தீட்டக்கூடாது என்பதை முன்னரே முடிவு செய்தவன்தான் வெல்வான். வண்ணம் உலரும் வேகத்தை அறியாதவனின் வானம், மலைமீது வழிந்துவிடும். பனிமூட்ட நாளிலே உலர்வதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதை மலைவாழ் ஓவியனுக்கு மலையே கற்றுக்கொடுக்கும்.

இந்தக் கலைக்கு ஓரவஞ்சனை புதிதன்று. இலண்டன் அரசுக் கலைக்கழகம் தன் கண்காட்சிகளிலே எண்ணெய் ஓவியத்துக்கே முதன்மை தந்தது. மனம் வெதும்பிய நீர்வண்ண ஓவியர்கள் 1804-இல் தனிச் சங்கம் கண்டனர். அடுத்த ஆண்டே தனிக் கண்காட்சியும் நடத்தினர். நம் சென்னையிலும் கே. சி. எஸ். பணிக்கர், கேரளத்துக் காயலையும் தென்னையையும் நீர்வண்ணத்திலே தீட்டிப் புகழ் பெற்றவர், 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழவும் அவரே முன்னின்றார். சுவர் கிடைக்காதபோது சுவர் எழுப்பிக்கொண்டார்கள். நகரத்தில் நாலு பேர் கூடினால் சங்கம் காணலாம். மலைச்சரிவிலே தன்னந்தனியாகத் தூரிகை பிடிப்பவன் என்ன செய்வான்?

தராசு எங்கே இருக்கிறது?

கண்காட்சிக்கு நடுவர் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வந்ததையெல்லாம் மாட்டினால் அது சந்தை. தேர்ந்தெடுத்து மாட்டினால்தான் தரம். சங்கப்பலகை கண்ட தமிழனுக்கு இதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? பாட்டைக் கொண்டு வந்தவன் யார் என்று பாராமல் பாட்டிலே குற்றம் கண்ட நக்கீரனின் கதை, கதையே ஆனாலும், நடுவருக்கு நல்ல பாடம்.

ஆனால், நடுவரும் தவறுவர். 1863-இல் பாரிஸ் கண்காட்சியின் நடுவர்கள் ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளினர். எழுந்த கூக்குரல் கேட்டு, மன்னன் மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றுக்கென்றே தனிக் காட்சி நடத்த ஆணையிட்டான். அன்று ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் மானே! இன்று அவரது ஓவியம் பாரிஸின் பெருமை.

தள்ளப்பட்டவனுக்காவது ஒரு தீர்ப்புக் கிடைத்தது. தராசின் அருகிலேயே வரமுடியாதவனுக்கு எந்தத் தீர்ப்பு? சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்ட வேண்டும். உடையாமல் மலையிறக்க வேண்டும். நுழைவுக் கட்டணமும் கட்ட வேண்டும். இன்றோ, முதல் தேர்வுக்கு ஒளிப்படத்தை அனுப்பினால் போதும் என்கிறார்கள் பல இடங்களில். வசதிதான், மறுக்கவில்லை. ஆயினும், தாளின் சொரசொரப்பிலே வண்ணத்துகள் தங்கிய அழகும், ஈரம் ஈரத்தோடு கலந்த விளிம்பும் கைப்பேசிப் படத்திலே காணாமற் போகின்றனவே! பனிமூட்டத்தைத் தீட்டியவனின் தாள், படத்திலே வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குற்றம் யாருடையது?

மலைக்கு வருக!

நாமக்கல் மண்ணுக்கு ஓவியம் அந்நியமன்று. மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராக நாடறியும் முன்னர் ஓவியராகவே வாழ்ந்தவர். மலையடிவாரத்து மண்ணுக்கு வாய்த்தது மலைக்கு மட்டும் வாய்க்காதா?

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் செம்மேட்டிலே வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. மலர்க்காட்சி உண்டு, வில்வித்தைப் போட்டி உண்டு. அந்த விழாவிலே நீர்வண்ணக் கண்காட்சி ஒன்றும் இடம்பெறட்டும் என்கிறோம். ஓவியச் சங்கங்கள் முன்வரட்டும். கலை பண்பாட்டுத் துறை கைகொடுக்கட்டும். நல்ல தாளை அவர்களே வழங்கட்டும். கட்டணம் வேண்டாம், கண்ணாடிச் சட்டமும் வேண்டாம். நடுவர்கள் மலையேறி வந்து, பெயரை மறைத்து, தாளையே கையிலேந்திப் பார்க்கட்டும். தேறாத ஓவியத்துக்கும் ஏன் தேறவில்லை என்று ஒரு வரி எழுதித் தரட்டும். அந்த ஒரு வரி, கல்லூரி காணாத இளைஞனுக்கு ஓராண்டுப் படிப்பு!

காற்று மோதினும் மழை தாக்கினும் வடிவம் குலையாதது கொல்லிப்பாவை என்று போற்றினர் சங்கப் புலவர். நீர்வண்ணத் தாளோ ஒரு துளி மழைக்கே உருக்குலையும். அதைக் காக்கக் கூரை வேண்டும், காணக் கண் வேண்டும்.

காட்டிலே வழியிற் கண்ட பாணர்க்கு ஊனும் பொன்னும் தந்தவன் ஓரி என்கிறது புறநானூற்றுச் செய்தி. எங்கோ உள்ள அரண்மனைக்கு வந்து கையேந்துங்கள் என்று அவன் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலேயே கொடுத்தான். அந்த ஓரியின் மலையிலே, ஓவியன் இருக்கும் இடம் தேடி நடுவர் செல்வது பெரிய காரியமா? 70 வளைவுகள்தானே! ஏறி வருக என்று அழைக்கிறோம்.