கோடு முழுசா இருக்கு, கால் ஏன் போகலை?

தேர்க் கூட்டத்தில் செல்போனில் சிக்னல் கோடு முழுசா இருக்கும். ஆனா கால் போகாது. ஏன் தெரியுமா?

டவர் அனுப்புவது நம் போனுக்குக் கேட்கிறது என்றுதான் கோடு காட்டும். நம் போன் கூப்பிடுவது டவருக்குக் கேட்கணுமே!

கால் போட்டதும் 4ஜி போன் முதலில் ஒரு சின்ன சைகை அனுப்பும். அதில் 64 வகை உண்டு. ஏதோ ஒன்றை எடுக்கும். "இந்த சைகை அனுப்பியவர் பேசலாம்" என்று டவர் பதில் சொல்லும். இரண்டு போன் ஒரே சைகையை எடுத்திருந்தால் இரண்டும் பேசி மோதிக்கும். டீச்சர் "நீல ரிப்பன், பதில் சொல்லு" என்றதும் இரண்டு நீல ரிப்பன் எழுந்து கத்துவது மாதிரி! தோற்ற போன் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும். கூட்டம் கூடினால் மோதலும் கூடும்.

போன வருஷம் தேரன்று என் தம்பி கூட்டத்தில் பிரிந்துவிட்டான். அப்பாவுக்கு ஐந்தாவது தடவைதான் கால் போச்சு. அதுக்குள்ள அம்மா அழுதே விட்டாங்க.

அதனால் திருவிழாவுக்குப் போகுமுன், பிரிந்தால் எங்கே நிற்கணும் என்று வீட்டில் பேசி வைங்க. ஆபத்து என்றால் 112 போடுங்க. நம்ம கம்பெனி சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் அது வழியாகப் போகும்.

– 9ஆம் வகுப்பு மாணவி