சிதறால் மலைக்கோயில்

சிதறால் மலைக்கோயில் என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில் உள்ள சிதறால் என்னும் சிற்றூரின் குன்றில் அமைந்த இடைக்காலச் சமணப் பள்ளியாகும். பிற்காலத்தில் இது பகவதி அம்மன் கோயிலாக மாறியது. இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பாதுகாத்து வருகின்றது. தமிழகத்தில் பெண் துறவியர் ஆசிரியராக விளங்கியமைக்குச் சான்று தரும் இடங்களுள் இதுவும் ஒன்று.

பெயர்

கல்வெட்டுகளில் இக்குன்று திருச்சாரணத்துமலை என்று குறிக்கப்படுகின்றது. சாரணர் என்போர் சமண மரபில் வானில் செல்லும் ஆற்றல் பெற்றவராகக் கருதப்பட்ட முனிவர் ஆவர். மக்கள் வழக்கில் இது சொக்கன்தூங்கி மலை எனவும் அழைக்கப்படுகின்றது.

அமைப்பு

குன்றின் உச்சியில், ஒரு பெரும்பாறை மற்றொன்றின் மேல் கவிந்து நிற்பதால் இயற்கையான குகை உருவாகியுள்ளது. கோயில் இந்தக் குகையை ஒட்டியே கட்டப்பட்டது. இதில் கருவறைகள், மண்டபம், பலிபீடம், மடைப்பள்ளி ஆகியவை உள்ளன. கவிந்த பாறையின் மேல் செங்கல்லால் கட்டப்பட்ட விமானம் சிதைந்த நிலையில் காணப்படுகின்றது. கோயிலின் முன் ஒரு சுனை உண்டு.

பாறையின் முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாம்பு படம் விரித்துக் குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். சிங்கத்துடனும் இரு சிறுவருடனும் காணப்படும் பெண் உருவம் இயக்கி அம்பிகை. சிறிய உருவங்கள் பலவற்றின் கீழ், அவற்றைச் செய்வித்தவரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சமணச் சிற்பங்கள் பலவற்றோடு தொடர்புடைய அச்சணந்தியின் பெயர் இங்கும் உள்ளது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருநறுங்கொண்டையின் மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரநந்தியின் பெயரும் இங்குக் காணப்படுகின்றது. தென்கோடியில் இருந்த இப்பள்ளி தொலைதூரப் பள்ளிகளுடன் தொடர்பு கொண்டிருந்ததை இது காட்டுகின்றது.

குரத்தியர்

இங்குள்ள கல்வெட்டுகளில் முதன்மையானது ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அம்மன்னனின் காலம் 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என வரலாற்றாளர் கணிப்பர். அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் திருச்சாரணத்துப் படாரியாருக்குப் பொன் அணிகள் வழங்கியதை அது கூறுகின்றது. குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். ஆசிரியை எனப் பொருள்படும்.

கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்துக் குரத்தியர் குறிக்கப்படுகின்றனர். வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் கல்வெட்டு கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் பற்றிப் பேசுகின்றது. பெண்கள் கற்றதும், கற்பித்ததும், தம் பெயரில் கொடை வழங்கியதும் இத்தகைய கல்வெட்டுகளால்தான் தெரியவருகின்றன. ஆகவே, இவற்றில் ஓர் எழுத்து அழிந்தாலும் அதற்கு ஈடாக வேறு சான்று கிடைப்பது அரிது.

சமய மாற்றம்

ஒரே படாரி வழிபாடு இங்குச் சமண இயக்கியிலிருந்து பகவதிக்கு மாறியதாக அறிஞர் கருதுவர். பழைய சிற்பங்கள் அகற்றப்படவில்லை. இரு சமயங்களின் தடங்களும் அருகருகே நிற்கின்றன. நாகர்கோவில் நாகராசா கோயிலின் தூண்களிலும் சமண உருவங்கள் உள்ளன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர் அக்கோயிலில் பொறுப்பில் இருந்ததை அங்குள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. எனவே மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை எனலாம்.

சென்றடைதல்

மணவாளக்குறிச்சியிலிருந்து வருவோர் திங்கள்நகர், அழகியமண்டபம் வழியாக மார்த்தாண்டம் சென்று, அங்கிருந்து சிதறாலை அடையலாம். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதையில் நடந்தே மேலே ஏற வேண்டும். உச்சியிலிருந்து தென்னந்தோப்புகளையும், குழித்துறை வழியாகப் பாயும் தாமிரபரணி ஆற்றையும் காணலாம். மேற்காணும் காரணத்தால், பாறையில் பெயர் கீறுதல், எழுத்துகளின் மேல் சுண்ணம் அல்லது எண்ணெய் பூசுதல் போன்றவற்றைப் பார்வையாளர் தவிர்த்தல் வேண்டும்.