கடன்காரர் என்றால் யார்?

சென்ற மாத ஒலிபரப்பில் எதிர்ச்சொற்களைப் பற்றிப் பேசத் தொடங்கி, நேரம் போதாமல் இடையில் நிறுத்தியிருந்தேன். மிகுதியை இங்கே எழுத்தில் தருகிறேன். மொழி ஆசிரியர் பேசவேண்டிய விடயத்தைக் கணக்காளர் ஏன் பேசுகிறார் என்று ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டார். அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

லா சப்பல் பகுதிக் கடைகளுக்கு மரக்கறி விநியோகிக்கும் பெரியவர் ஒருவர் அந்தக் கடிதத்தோடு வந்து, ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்கு அருகில் உள்ள கோப்பிக்கடையில் என்னைச் சந்தித்தார். உறை கசங்கியிருந்தது. "தம்பி, நான் ஆருக்கும் ஒரு சதம் குடுக்கவேண்டியதில்லை. என்னைக் கடன்காரன் எண்டு எழுதியிருக்கிறாங்கள்" என்றார். அவருக்குக் கடிதத்தை வாசித்துச் சொன்னது லிசேயில் படிக்கும் பேரன். பிழையாகச் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த சொல் 'கிரெயோன்சியே'. பேரன் அதைக் 'கடன்காரர்' என்று தமிழாக்கினான். தமிழில் அது சரியான சொல்தான். ஆனால் பெரியவர் அதன் மற்றப் பொருளை எடுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். "வாசலில் கடன்காரர் வந்து நிற்கிறார்" என்றால் காசு கொடுத்தவர், திருப்பிக் கேட்டு வந்திருக்கிறார். "அவன் ஊரெல்லாம் கடன்காரன்" என்றால் காசு வாங்கியவன். ஒரே சொல், நேரெதிரான இரண்டு ஆட்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கனிலும் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் இருக்கின்றன. அப்படியானால் கடன்காரருக்கு எதிர்ச்சொல் என்ன? கடன்காரர்தான்!

இப்படித் தனக்குத் தானே எதிராக நிற்கும் சொல்லை ஆங்கிலத்தில் 'கொன்ட்ரனிம்' என்பார்கள். ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களில் பலரும் கேள்விப்படாத சொல் அது. 1960களின் தொடக்கத்தில்தான் அதற்குப் பெயர் சூட்டினார்கள். 'சாங்ஷன்' என்ற சொல்லை எடுங்கள். ஒரு திட்டத்துக்குச் சாங்ஷன் கிடைத்தது என்றால் அனுமதி. ஒரு நாட்டின்மீது சாங்ஷன் போட்டார்கள் என்றால் தடை.

பிரெஞ்சிலும் உண்டு. 'ஓத்' என்றால் விருந்து கொடுப்பவர், விருந்தாளியும் 'ஓத்' தான். எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி தலையிடி தருவது 'லூவே'. வீட்டை வாடகைக்கு விடுவதும் லூவே, வாடகைக்கு எடுப்பதும் லூவே. "நான் ஒரு வீட்டை லூவே செய்கிறேன்" என்று ஒருவர் பிரெஞ்சில் சொன்னால், அவர் வீட்டுக்காரரா குடியிருப்பவரா என்று அந்த வசனத்தை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. அதனால்தான் வாடகைப் பத்திரத்தில் 'பையேர்', 'லொக்கத்தேர்' என்று பிரித்து எழுதுகிறார்கள். இந்த இடத்தில் தமிழ் தெளிவானது. விடுவது வேறு, எடுப்பது வேறு.

கடன் விடயத்தில் நிலைமை தலைகீழ். பிரெஞ்சில் கொடுத்தவர் 'கிரெயோன்சியே', வாங்கியவர் 'தெபித்தேர்'. குழப்பமில்லை. எங்கள் இலங்கைக் கணக்கியல் பாடநூல்களிலும் கடன்கொடுத்தோர், கடன்பட்டோர் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கடனீந்தோர், கடனாளிகள். ஆனால் பாடநூல் தமிழ் வீட்டுக்குள் வருவதில்லையே.

பெரியவரின் கடிதம் உண்மையில் சொன்னது இது. அவரிடம் மரக்கறி வாங்கிய கடை ஒன்று நொடித்துவிட்டது. நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர், "நீங்கள் இந்தக் கடைக்குக் கடன்கொடுத்தவர், உங்களுக்கு வரவேண்டிய தொகையை எழுத்தில் அறிவியுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பொதுவாக இரண்டு மாத அவகாசம். கடை நொடித்த செய்தி 'போடாக்' எனப்படும் அரச வணிக அறிவித்தல் இதழில் வெளியான நாளிலிருந்து எண்ணவேண்டும். தவறவிட்டால், தக்க காரணம் காட்டி ஆறு மாதத்துக்குள் நீதிபதியிடம் விண்ணப்பிக்கலாம். பெரியவர் பயத்தில் கடிதத்தைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்துவிட்டார். என்னிடம் வந்தபோது எட்டு மாதம் கடந்திருந்தது. நாலாயிரம் யூரோவுக்கு மேல் போயிற்று. கடை மிஞ்சிய சொத்தை விற்றுப் பங்கிட்டபோது அவருடைய பெயர் பட்டியலில் இல்லை.

இனி என்னுடைய தொழிலுக்கு வருகிறேன். தெபி, கிரெதி என்ற இரட்டையை எல்லோரும் அறிவீர்கள். இலத்தீனில் ஒன்றின் வேர் 'கொடுக்கக் கடமைப்படுதல்', மற்றதன் வேர் 'நம்புதல்'. இவற்றுக்குத் தமிழ் என்ன? ஊரில் வணிகவியல் படித்தபோது தெபி என்பதை 'வரவு' என்றும், கிரெதி என்பதை 'செலவு' என்றும் படித்தோம். ஒரு மூடை அரிசியைக் காசுக்கு விற்றால், காசுக் கணக்கு வரவு, விற்பனைக் கணக்கு செலவு. பிறகு இங்கே தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது திகைத்துப்போனேன். அங்கே தெபி 'பற்று', கிரெதிதான் 'வரவு'! அதே அரிசி மூடைக்கு ரொக்கக் கணக்கு பற்று, விற்பனைக் கணக்கு வரவு. பாக்கு நீரிணையைக் கடந்ததும் 'வரவு' பக்கம் மாறிவிடுகிறது.

இரண்டு பேரும் பிழையில்லை என்பதே என் கணிப்பு. இலங்கையார் காசுப் பெட்டியைப் பார்த்துப் பேசுகிறார்கள். பெட்டிக்குள் வருவது வரவு, அது ஏட்டின் இடப்பக்கம். தமிழ்நாட்டார் வாடிக்கையாளரின் ஏட்டைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவர் எடுத்துப்போன சரக்கு பற்று, அவரிடமிருந்து வந்த காசு வரவு. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "சொல் என்ன?" என்பதல்ல, "இது யாருடைய ஏடு?" என்பது.

வங்கிக் கூற்றிலும் இதுதான் நடக்கிறது. நீங்கள் போட்ட பணம், வங்கியைப் பொறுத்தவரை உங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். அதனால் வங்கி தன் ஏட்டில் உங்களைக் கிரெதி பக்கம் வைக்கிறது. உங்கள் கடையின் ஏட்டில் அதே பணம் உங்கள் சொத்து. 512ஆம் இலக்க வங்கிக் கணக்கில் தெபி பக்கம் நிற்கும். ஆகவே கணக்காளர் தரும் ஏட்டில் 512 'தெபித்தேர்' மீதி காட்டினால் மகிழ்ச்சியடையுங்கள், காசு இருக்கிறது. வங்கி அனுப்பும் தாளில் அதே 'தெபித்தேர்' வந்தால் கவலைப்படுங்கள், கணக்கு மைனசில் நிற்கிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒன்று பொய்" என்று என்னோடு சண்டை பிடித்தவர்களும் உண்டு.

(தெபிக்கு எப்போதும் கிரெதிதான் எதிர் என்றும் நினைக்கவேண்டாம். சிகரெட் விற்கும் கடைக்கும் 'தெபி' என்ற பெயர் உண்டு. இணைய இணைப்பு விளம்பரத்தில் வரும் 'ஓ தெபி' வேகத்தைக் குறிக்கிறது. அதற்கு எதிர் 'பா தெபி'.)

கிரெதி என்ற சொல் செய்யும் இன்னொரு கூத்து. வங்கியில் 'கிரெதி எடுப்பது' என்றால் நீங்கள் கடன்படுகிறீர்கள். வரித் தாளில் 'கிரெதி தெம்போ' என்றால் அரசு உங்களுக்குத் தரவேண்டியது. எங்கள் நேயர் ஒருவர், வேலைக்குப் போகும் தாய், பிள்ளையைப் பராமரிப்பாளரிடம் விட்டுக் காசு கட்டிக்கொண்டிருந்தார். "கிரெதி வேண்டாம் அண்ணை, பிறகு வட்டியோடை கேப்பாங்கள்" என்று மூன்று வருடமாக அந்தப் பெட்டியை நிரப்பவே இல்லை. ஜனவரி 1ஆம் திகதி ஆறு வயது நிரம்பாத பிள்ளையை வீட்டுக்கு வெளியே பராமரிக்கும் செலவில், உதவித்தொகை கழித்து மிஞ்சியதில் பாதியை அரசு ஏற்கிறது. 2022ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து ஒரு பிள்ளைக்குக் கணக்கில் எடுக்கும் செலவின் உச்சம் 3,500 யூரோ, ஆகக் கிடைக்கக்கூடியது 1,750 வரை. முதல் பிள்ளைக்கு நிரப்பவேண்டிய பெட்டி 7ஜிஏ.

இங்கேயும் ஒரு இரட்டைச் சொல்லைக் கவனியுங்கள். 'ரெதுக்சியோன்' வரியைப் பூச்சியம்வரை குறைக்கும், அதற்குமேல் தராது. 'கிரெதி' அப்படியல்ல, வரியே இல்லாதவருக்கும் காசாகத் திரும்பி வரும். வரி கட்டுமளவு சம்பளம் இல்லை என்று இந்தத் தாயும் அலட்சியமாக இருந்திருக்கிறார்.

வரி விதிக்கப்பட்ட ஆண்டுக்குப் பின்வரும் இரண்டாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை திருத்தம் கேட்கலாம். அந்த மூன்று வருடத்தில் ஒன்று தவணை கடந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் பராமரிப்பாளரின் சம்பளத் தாள்களைத் தேடி எடுத்து, டிசம்பர் நடுப்பகுதியில் விண்ணப்பம் அனுப்பினோம். ஏப்ரலில் பணம் வந்தது. வங்கித் தாளைக் கொண்டுவந்து காட்டி, "கிரெதி எண்டு போட்டிருக்கு, இது எந்தப் பக்கம் அண்ணை?" என்று கேட்டார்.