ஐவிஎஃப் ஊசிக்குப் பிறகு வயிறு வீங்குகிறதா? சினைப்பை மிகைத்தூண்டலைத் தடுக்கும் வழிகள் என்ன?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பகுதிகளில் இருக்கும் ஒரு தம்பதி ஐவிஎஃப் சிகிச்சை எடுக்க வேண்டுமென்றால், மலையிறங்கி வேலூருக்கோ சென்னைக்கோ போகும்படிதான் இருக்கும். ஊசி, ஸ்கேன், கருமுட்டை எடுப்பது எல்லாம் அங்கே. முட்டை எடுத்த அன்றே பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால், இந்தச் சிகிச்சையின் முக்கியமான பக்கவிளைவு தலைகாட்டுவது வீட்டுக்கு வந்த பிறகுதான். 'ஓஹெச்எஸ்எஸ்' எனப்படும் சினைப்பை மிகைத்தூண்டல் அது. 'வாயு பிடிச்சிருக்கும்' என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால், இரண்டு நாளில் மூச்சு வாங்கும் நிலைக்குப் போகலாம்.

என்ன நடக்கிறது?

இயற்கையில் மாதம் ஒரு முட்டைதான் முதிரும். ஐவிஎஃபில் பத்து, பதினைந்து முட்டைகள் கிடைக்க வேண்டும் என்று ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். கடைசியாக, முட்டைகளை முதிர வைக்க 'டிரிகர்' ஊசி. இதற்கு நீண்ட காலமாகப் பயன்படுவது ஹெச்சிஜி. அது உடம்பில் பல நாள் தங்கும். அதனால் வீங்கிய சினைப்பை 'விஇஜிஎஃப்' என்ற பொருளை அளவுக்கு மீறிச் சுரக்க, ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் தேங்கும். ரத்தம் கெட்டியாகும், சிறுநீர் குறையும், சிலருக்கு ரத்தக்கட்டு வரும். மிக அரிதாக உயிரே போகலாம்.

லேசான பாதிப்பு மூன்றில் ஒரு பங்கு சிகிச்சைகளில் வரலாம். நடுத்தர, தீவிர பாதிப்பு 3 முதல் 8 சதவீதம் வரை என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பிசிஓஎஸ் உள்ளவர்கள், இளம் வயதினர், ஏஎம்ஹெச் அளவு அதிகமுள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். அதற்கான முடிவுகளை ஊசி ஆரம்பிக்கும் முன்பே எடுக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்து, 'ஆன்டகோனிஸ்ட்' முறையைத் தேர்வு செய்கிறார்கள். இந்த முறையில் ஹெச்சிஜிக்குப் பதிலாக 'அகோனிஸ்ட்' டிரிகர் போட முடியும். அதன் வேலை சீக்கிரம் அடங்கிவிடுவதால் கசிவு வெகுவாகக் குறைகிறது. கேபர்கோலின் மாத்திரையும் சில நாட்கள் தருவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அகோனிஸ்ட் டிரிகர் போட்டு அதே சுற்றில் கருவை வைத்தால், கரு தங்கும் வாய்ப்பு குறைகிறது. தங்கினாலும், கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்சிஜியே ஓஹெச்எஸ்எஸ்ஸைத் தூண்டலாம். அதனால்தான் எல்லாக் கருக்களையும் உறைய வைத்து, உடம்பு தேறிய பிறகு வைக்கிறார்கள்.

'தள்ளிப் போட்டா குழந்தை கிடைக்காமப் போயிடுமோ?' என்ற பயம் நியாயமானது. பதில் ஆறுதலானது. பிசிஓஎஸ் உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உறைய வைத்த கருவால் குழந்தை பெற்றவர்கள் 49.3 சதவீதம், உடனே வைத்தவர்களில் 42 சதவீதம். ஓஹெச்எஸ்எஸ் 7.1இலிருந்து 1.3 சதவீதமாக இறங்கியது. கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீஎக்லாம்ப்சியா மட்டும் உறைகரு பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. பிசிஓஎஸ் இல்லாதவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் குழந்தைப்பேறு இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். ஆகவே எல்லாருக்கும் உறைய வைக்க வேண்டும் என்பதில்லை. ஆபத்து உள்ளவர்களுக்கு அதுவே சரி. (1978இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தையை உருவாக்கியதும் கருவை உறைய வைத்து, பின்னொரு சுற்றில் வைத்துத்தான்!)

உறைய வைக்கத் தனிக் கட்டணம், இன்னொரு பயணம், இன்னும் சில நாள் கூலி இழப்பு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இந்தச் செலவையும் சேர்த்து முதல் நாளே சொல்லிவிடும் மருத்துவமனைதான் நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முட்டை எடுத்த பிறகு தினமும் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், சிறுநீர் குறைந்தால், வாந்தி நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாராசிட்டமால் போடலாம். ஆபத்து அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், முதல் ஒரு வாரம் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால் அடிவாரத்திலேயே தங்கிவிடுவது மேல். 108ஐ அழைக்க நேர்ந்தால், என்ன ஊசி, எந்தத் தேதி, எத்தனை முட்டை என்று எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; சாதாரண வயிற்று வலி என்று நினைத்து வீங்கிய சினைப்பையை யாரும் அழுத்திப் பார்த்துவிடக் கூடாது.